எங்கள் முறை நாளில் கிளம்பாத வண்டி

என் ஓரகத்தியைப் பார்த்து நான் வயிறெரிந்த காரணங்களை எழுத உட்கார்ந்தால் இந்த நோட்டு போதாது. அவளுக்குத் தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அவள் வைத்த ரசத்தை மாமியார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். அவள் பையன் பத்தாம் மாதமே நடந்தான். என் மகள் ஒன்றரை வயது வரை தவழ்ந்துகொண்டே இருந்தாள். இவையெல்லாம் நாள்பட நாள்பட ஆறிப்போன சங்கதிகள். ஆறாதது ஒன்றுதான். அவள் வீட்டு வாசலில் அந்தப் பழைய டீசல் பிக்கப் ஒரே திருகில் கிளம்பும், என் வீட்டு வாசலில் கிளம்பாது.

அதியமான்கோட்டையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். எண்பதுகளின் நடுவில், மாமனார் காலமான மறு வருஷம், என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தை அளந்து பிரித்தாயிற்று, மாடுகளைப் பிரித்தாயிற்று, அண்டா குண்டானைக்கூடப் பிரித்தாயிற்று. பிரிக்க முடியாதவை கிணறும் பிக்கப்பும். எங்கள் பக்கம் கூட்டுக் கிணறு என்றால் முறை வைத்துக்கொள்வார்கள். இன்று ஒருவர் மோட்டார் போட்டால் நாளை மற்றவர். வண்டிக்கும் அதே முறைதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி கைமாறும். மறுநாள் யார் முறையோ அவர் வாசலில் ராத்திரி நிற்கும். விடியக் கருக்கலில் அவர் எடுத்துக்கொண்டு போய், சுற்றுவட்டத் தோட்டங்களில் தக்காளியும் அவரைக்காயும் ஏற்றி, தர்மபுரி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவார். அதுதான் இரண்டு வீட்டுக்கும் கையில் புரளும் வருமானம்.

பழைய வீடு தம்பிக்குப் போனது. மாமியாரும் அங்கேயே இருந்துகொண்டார். ரோட்டுக்கு இந்தப் பக்கம், கரட்டுக் குன்றை ஒட்டிய மேட்டில் எங்களுக்குப் புது வீடு. பழைய வீடு ரோட்டைவிடப் பள்ளத்தில், எங்கள் வீடு ரோட்டைவிட உயரத்தில், இரண்டும் எதிரும் புதிருமாக இருந்தன. அதனால் அவள் வாசலில் நடப்பதெல்லாம் எனக்குத் தட்டில் வைத்ததுபோல் தெரியும். பார்க்காமல் இருக்கலாமே என்று கேட்கலாம். என்னால் முடியவில்லை.

கார்த்திகை பாதியில் பனி இறங்கத் தொடங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. அந்த வண்டியைக் கிளப்ப ஒரு வரிசை உண்டு. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் உள்ளே ஹீட்டர் சூடேறும். அதற்கு அடையாளமாக முன்பலகையில் ஒரு கம்பி சிவக்கும். அது பழுத்துச் சிவந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முப்பது வரை எண்ணிவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு, செல்ஃப் அடிப்பார். கர்ர் கர்ர் என்று இழுக்கும். அவ்வளவுதான். மறுபடி ஹீட்டர், மறுபடி செல்ஃப். பேட்டரி சோர்ந்து சத்தம் இளைத்துக்கொண்டே போகும்.

அதற்குள் நான் அடுப்பில் அண்டாவை ஏற்றி வெந்நீர் வைத்திருப்பேன். மகளைக் குளிப்பாட்ட வைத்த வெந்நீரை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஊற்றுவோம். அதற்கும் அசையாது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு, வண்டியை மேட்டிலிருந்து ரோட்டுக்குப் பின்னாலேயே உருட்டி இறக்கி, அங்கே தள்ளு தள்ளு என்று தள்ளுவோம். நானும் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளுவேன். எல்லாரும் களைத்து நின்ற பிறகு யாராவது ஒருவர், தம்பியைக் கூப்பிடலாமே என்பார்.

கொழுந்தன் வருவான். தலையில் மப்ளர், கண்ணில் தூக்கம். ஏறி உட்கார்ந்து, ஹீட்டர் போட்டு, ஒரு செல்ஃப். புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மாமியார் ரோடு கேட்கச் சொல்வார்: "சின்னவன் கைராசி அப்பிடி. பெரியவனுக்கு அது இல்ல, என்ன பண்றது."

அவர் பக்கத்தில் என் ஓரகத்தி கையில் காபி டம்ளரோடு நிற்பாள். சிரிக்க மாட்டாள். சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

பேச்சு ஊரில் பரவ எத்தனை நாள் வேண்டும். அவரைக்காய் பறிக்கிறவர்கள், நாளைக்கு யாருங்க முறை என்று கேட்டுவிட்டுப் பறிக்க ஆரம்பித்தார்கள். தம்பி முறையென்றால் ஆள் விட்டுப் பறித்தார்கள். எங்கள் முறையென்றால் செடியிலேயே விட்டார்கள். தக்காளிக்காரர் ஒருவர் எங்கள் முறை நாளில் தன் கூடைகளைப் பேருந்தின் மேல் ஏற்றிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். அன்று எங்கள் வண்டி பாதி காலியாகப் போய்வந்தது.

டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். முதல் தடவை பேட்டரி என்றார். மாற்றினோம். அடுத்த தடவை ஹீட்டர் பிளக் என்றார். நான்கையும் மாற்றினோம். மூன்றாவது தடவை இஞ்சினே தேய்ந்துவிட்டது, பிரித்து சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பேட்டரி செத்திருந்தால் எதிர்வீட்டிலும் செத்திருக்க வேண்டாமா? இஞ்சின் எங்கள் முறையில் மட்டும் தேயுமா? பனி ரோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டுமா பெய்கிறது? இதை மெக்கானிக்கிடம் கேட்கச் சொன்னேன். இவர் கேட்கவில்லை. பகலில் சூடாக வந்து நின்ற வண்டியைத் தட்டிப் பார்த்தவரிடம் விடிகாலைச் சங்கதியை எப்படிப் புரியவைப்பது என்றார்.

மார்கழி பிறந்ததும் மாமியார் ஒரு முடிவோடு வந்தார். பொங்கலுக்கு மறுநாளிலிருந்து வண்டி சின்னவனுக்கே இருக்கட்டும், அதற்கு ஈடாகக் கிணற்றடியில் அவன் பங்கில் கால் ஏக்கர் பெரியவனுக்கு எழுதிக் கொடுக்கட்டும் என்றார். கெட்ட முடிவு என்று சொல்ல முடியாது, கிணற்றடி மண் தங்கமான மண். கொழுந்தனும் சரி என்றான். என்னைக் கேட்காமலேயே இவரும் சரி என்றுவிட்டார்.

அன்றைக்கு எங்களுக்குள் நடந்தது பெரிய சண்டை. நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு இவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"எனக்கு ராசியில்ல புள்ள. இல்லாதத எங்க போயி வாங்குறது?"

அவர் அதை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிற மனுஷன், பென்னாகரம் மலைப்பாதையில் முழு லோடோடு இறங்கி ஏறுகிற மனுஷன், தன் கையில் ஏதோ குறை இருக்கிறது என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வண்டி போனால் வண்டியோடு அவருடைய நிமிர்ந்த நடையும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

இப்படி எழுதினால் நான் புருஷனுக்காக மட்டுமே துடித்தவள் போலத் தெரியும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, முன் சீட்டு. எங்கள் முறை நாளில், வண்டி கிளம்பிவிட்டால், சில சமயம் நானும் முன் சீட்டில் உட்கார்ந்து தர்மபுரி வரை போவேன். கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்துக்கொள்வேன். இனி அந்த இடத்தில் தினமும் அவள் முழங்கைதான் இருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, பின்பக்கம் பென்சிலால் குறித்தேன். யார் முறை, பனியா மழையா, எத்தனை செல்ஃப், புகை வந்ததா. நான் பத்தாவது வரை படித்தவள். படிப்புக்கு வேறு வேலை அதுவரை கிடைத்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தாள் சேர்ந்ததும் ஒன்று தெரிந்தது. எதிர்வீட்டில் செல்ஃப் அடித்த உடனே பின்குழாயில் வெள்ளையாகப் புகை வரும், வந்த கையோடு கிளம்பும். எங்கள் வாசலில் எத்தனை செல்ஃப் அடித்தாலும் பொட்டுப் புகை வராது. ரோட்டில் தள்ளித் தள்ளி நாங்கள் ஓய்கிற நேரத்தில்தான் லேசாகப் புகை காட்டும். சரியாக அந்த நேரத்தில்தான் கொழுந்தன் வந்து சேருவான். எங்கள் முதுகு ஒடிந்ததில் பாதி கிளம்பிவிட்ட வண்டியை அவன் வந்து மீதி கிளப்பிப் பேர் வாங்கிக்கொண்டு போகிறான். இதை இவரிடம் சொன்னேன். உன் கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்றார்.

அப்புறம் ஒரு புயல் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டி எங்கள் மேடு சேறாகிவிட்டது. வண்டி ஏறாது என்று, எங்கள் முறைக்கு முந்தின சாயங்காலம் அதைப் பழைய வீட்டிலேயே நிறுத்தினார்கள். விடிந்ததும் இவர் குடையோடு அங்கே போனார். நான் வாசலில் நின்றேன். ஹீட்டர். ஒரு செல்ஃப். வெள்ளைப் புகை. வண்டி கிளம்பிவிட்டது. கிளப்பியது என் வீட்டுக்காரர் கை.

ஓரகத்தி அவருக்குச் சுடச்சுடக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார், இது வூட்டு ராசி என்றார். மகன் கைராசி போய் இப்போது வீட்டு ராசியாகிவிட்டது. எனக்கு அந்தக் காபியின் மேலும் எரிச்சல், அந்த ராசியின் மேலும் எரிச்சல். ஆனாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. இத்தனை நாள் எல்லாரும் ஆளைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியது இடத்தை.

இடத்தில் என்ன என்பது இரண்டு நாள் பிடிபடவில்லை. பிடிபட்டது கிணற்றடியில். அன்று எங்கள் கிணற்று முறை. மோட்டார் போட்டால் தண்ணீர் எடுக்கவில்லை, வெறும் சத்தம். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு தேய்ந்துபோனால் அப்படித்தான். ராத்திரியில் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் மெல்ல மெல்லக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் பம்பின் வாயில் குடம் குடமாக ஊற்றி நிரப்பினால்தான் இழுக்கும். எங்கள் ஊரில் இது தெரியாத பொம்பளை கிடையாது, ஊற்றுகிறவர்கள் நாங்கள்தானே. மூன்றாவது குடத்தைச் சாய்த்தபோது என் கை நின்றுவிட்டது. வண்டியிலும் ஒரு பம்பு முன்னால் இருக்கிறது. டீசல் டாங்கி பின்னால் இருக்கிறது. ராத்திரியில் டீசல் பின்னால் இறங்கிப்போய்விட்டால் காலையில் புகை எங்கிருந்து வரும்?

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மேட்டுக்கு ஓடினேன்; அன்று தம்பி முறை, வண்டி வெளியே போயிருந்தது. சாயங்காலம் வண்டி வந்ததும், ஓரமாக நின்று அதன் பக்கவாட்டைப் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில் வண்டி வீட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். முதுகு காட்டி நின்றால் லட்சுமி வெளியே போகிறாள் என்று அர்த்தமாம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று மாமியாரே நின்று இவரிடம் சொன்னது. பழைய வீடு பள்ளத்தில் இருப்பதால் அங்கே வீட்டைப் பார்த்து நின்றால் மூக்கு கீழே, டாங்கி மேலே. எங்கள் வீடு மேட்டில். இங்கே வீட்டைப் பார்த்து நின்றால் மூக்கு மேலே, டாங்கி கீழே. இரண்டு வீட்டிலும் ஒரே லட்சுமியைத்தான் கும்பிட்டோம்.

இவரிடம் விளக்கினேன். ஃபுட் வால்வைச் சொன்னதும் புரிந்துகொண்டார், முகமே மாறிவிட்டது. ஆனால் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னதும் தயங்கினார்.

"அம்மா பாத்தா என்ன சொல்லும்?"

"பொங்கலுக்கப்புறம் இங்க நிறுத்த வண்டியே இருக்காதுங்க. அப்புறம் லட்சுமி எதைப் பாத்து வருவா?"

ரிவர்சில் மேடேற்றி, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தினார். மாமியார் எதிரிலிருந்து ஏதோ கேட்டார், நாங்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் கருக்கலில் வெந்நீர்கூட வைக்காமல் நான் படியில் நின்றேன். இவர் முப்பது எண்ணினார். ஒரு செல்ஃப். வெள்ளைப் புகை குபுகுபுவென்று என் வாசலில், என் துளசிச் செடி மேல், என் மூஞ்சி மேல் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எதிர்வாசலில் அவள் பார்க்கிறாளா என்றுதான் பார்த்தேன்.

வண்டி இறங்கிப் போன பிறகு மண்ணில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் தெரிந்தது. முட்டி போட்டுத் தொட்டு மோந்து பார்த்தேன், டீசல். மூக்கு கீழே இருந்ததால் டீசல் பின்னால் போகாமல் முன்னால் ஒரு சொட்டு கசிந்திருக்கிறது. பழைய வீட்டு வாசலிலும் தினம் சொட்டியிருக்கும். பத்து வருஷத்து எண்ணெய்க் கறையில் ஒரு சொட்டு யார் கண்ணில் படும்? வண்டி மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் பானட்டைத் தூக்கச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தோம். டாங்கியிலிருந்து வரும் குழாய் பம்போடு சேருகிற போல்ட்டில் மட்டும் புழுதி ஈரமாக ஒட்டியிருந்தது. அதன் அடியில் ஒரு செப்பு வாஷர் நைந்துபோயிருந்தது. மூக்கு மேலே நின்ற ராத்திரிகளில் அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று உள்ளே புகுந்து டீசலைப் பின்னால் இறங்கவிட்டிருக்கிறது.

மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இப்படியே திருப்பி நிறுத்திக்கொள்ளலாம், உங்கள் தம்பியிடம் மூச்சுவிட வேண்டாம் என்றேன். வாஷர் இன்னும் நையும், நைந்தால் பள்ளத்து வாசலிலும் ஒரு நாள் கிளம்பாது, அன்றைக்கு அவர்கள் வந்து இவரைக் கூப்பிடுவார்கள், இவர் மப்ளரைக் கட்டிக்கொண்டு போய்க் கிளப்பிக் கொடுப்பார், நான் காபி டம்ளரோடு வாசலில் நிற்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். டம்ளரைக்கூட மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

இவர் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. மத்தியானம் கிணற்றடியில் தம்பியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொழுந்தன் உடனே டவுனுக்குப் போய்ப் புது வாஷர் வாங்கி வந்து, அவனே மாட்டி, காற்றை வெளியேற்றி, இறுக்கிவிட்டான். அதற்குப் பிறகு வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், யார் திருகினாலும், ஒரே செல்ஃப்தான்.

கால் ஏக்கர் பேச்சு நின்றுபோனது. முறை பழையபடி தொடர்ந்தது. அவரைக்காய்க்காரர்கள் எங்கள் முறையிலும் பறித்தார்கள். மாமியார் மட்டும் பார்ப்பவர்களிடமெல்லாம், பெரிய மெக்கானிக்குக்கே தெரியாததைச் சின்னவன் ஒரு வாஷரில் கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இவரிடம் குதித்தேன். உங்கள் பெண்டாட்டி கண்டுபிடித்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா என்றேன்.

"வண்டி கெளம்புதில்ல. அப்புறம் யாரு பேரு வந்தா என்ன?" என்றார். உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வதை அவர் விட்டிருந்தார். அதைப் பார்த்தாவது நான் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. நான் கேட்டது என் வாசலில் வண்டி கிளம்ப வேண்டும் என்று மட்டுமல்ல. அவள் வாசலில் ஒரு நாளாவது கிளம்பாமல் நிற்க வேண்டும்.

பொங்கலுக்கு நாலு நாள் முந்தி கிணற்றடியில் அவளும் நானும் தனியாக மாட்டிக்கொண்டோம். நான் குடத்தைத் துலக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, வண்டிச் சங்கதி நீங்க கண்டுபிடிச்சதுன்னு எனக்குத் தெரியுங்க."

யார் சொன்னது என்றேன்.

"யாரும் சொல்லலீங்க. அன்னைக்கு விடியால நீங்க மண்ணுல முட்டி போட்டு மோந்து பாத்தத நான் எங்க வாசல்ல இருந்து பாத்தனுங்க. அத்தைகிட்ட சொன்னேன். நம்பல. எங்க வூட்டுக்காரருகிட்டயும் சொன்னேன், பேரு அக்காவோடதுன்னு. ரெண்டு நாளா எங்கூடப் பேசல அவரு."

அவள் குத்திக்காட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடம் பத்து வார்த்தை தயாராக இருந்தது. அவள் இடத்தில் நான் நின்று பார்த்திருந்தால் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது, அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும். சரி, நேரமாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். வீட்டு மேடு ஏறும்போது, இந்த நல்ல மனசும் அவளுக்கே வாய்த்துவிட்டதே என்று பொறாமையாக இருந்தது.